ஒரு பவுண்டரி மூடினால் கோடு இறங்கும்

ஒரு தொழிற்சாலை மூடினால் நம் வரைபடம் அழகாகிவிடும். எரிசக்திக் கணக்கு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் வேறு எதையும் சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். இதை நான் எந்தப் பயிற்சி வகுப்பிலும் கற்கவில்லை. மேற்கு லண்டனில் உள்ளாட்சிக் கவுன்சில் நடத்தும் ஒரு நீச்சல் குளத்தில், இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தபோது ஒரு தோழி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும்போதுதான் அதன் முழு அர்த்தமும் எனக்கு உறைத்தது.

இந்தத் துறையின் தமிழர்களாக மாதம் ஒருமுறை கூடிப் பேசும் நீங்கள், ஓய்வு பெற்றவர்களில் யாராவது பணி நாட்களைப் பற்றித் தமிழில் எழுதித் தர வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். நான் ஈப்போவில் பிறந்தவள். படிப்பு முடிந்ததும் திரும்பிவிடுவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு லண்டன் வந்தேன், இன்னும் திரும்பவில்லை. அலுவலகத்தில் நாற்பது வருடம் ஆங்கிலத்திலேயே எழுதிப் பழகிவிட்ட கை இது. வாக்கியம் எங்காவது இடறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வேலை வாழ்க்கையின் பெரும்பகுதி ஒரே ஓர் எண்ணோடு கழிந்தது. எரிசக்திச் செறிவு. ஒரு நாடு ஒரு பவுண்டு மதிப்புள்ள பொருளையோ சேவையையோ உண்டாக்க எவ்வளவு எரிசக்தியைச் செலவழிக்கிறது என்பதுதான் அது; வீடுகளைச் சூடாக்கும் எரிசக்தியும் இந்தக் கணக்கில் சேரும். பணக்கார நாடுகள் எல்லாவற்றிலும் இந்த எண் பல பத்தாண்டுகளாக இறங்கிக்கொண்டே வருகிறது. வரைபடத்தில் பார்த்தால், மலையிலிருந்து ஊருக்குள் இறங்கும் சாலை மாதிரி, இங்கே கொஞ்சம் வளைந்து, அங்கே கொஞ்சம் சமதளமாகி, ஆனால் திசை மாறாமல் இறங்கும். பிரிட்டனின் கோடும் அப்படித்தான்.

பார்க்க நல்ல செய்தி. ஆனால் ஒரு வீட்டில் சமையல் காஸ் செலவு குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். புது அடுப்பு வாங்கியதால் குறைந்திருக்கலாம். அல்லது வீட்டில் சமைப்பதை விட்டுவிட்டு வெளியே வாங்கிச் சாப்பிடத் தொடங்கியதால் குறைந்திருக்கலாம். காஸ் மீட்டருக்கு இரண்டும் ஒன்றுதான். நாட்டின் மீட்டருக்கும் அப்படியே. இயந்திரங்கள் தேறியதாலும் கோடு இறங்கும். ஆலைகளை மூடிவிட்டு, அவை செய்த பொருளை வேறு நாட்டிலிருந்து வரவழைத்தாலும் கோடு இறங்கும். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வதுதான் எரிசக்தி அமைச்சகத்தில் எங்கள் பிரிவின் வேலை.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்கள் முன்பு, அந்த ஆண்டின் எண் வந்தபோது, கோடு வழக்கத்தைவிடச் செங்குத்தாக இறங்கியிருந்தது. இரண்டு முறை சரிபார்த்தோம். எண் சரி.

எண் வெளியானதும் அமைச்சரின் அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. அமைச்சர் அடுத்த வாரம் தொழிலதிபர்கள் கூட்டம் ஒன்றில் பேசுகிறார். "நம் தொழில்துறை இதுவரை இல்லாத அளவுக்குச் சிக்கனமாகிவிட்டது" என்று ஒரு வாக்கியம் எழுதி வைத்திருக்கிறோம், அது சரிதானா என்று வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் சொல்லுங்கள் என்றார்கள். எண்ணை மாற்று என்று எங்களிடம் யாரும் கேட்கமாட்டார்கள்; அதற்கு விதிகள் இருக்கின்றன. எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று கேட்பார்கள். விதி பலவீனமாகும் இடமும் அதுதான்.

அதற்கான விளக்கப் பத்தியை வழக்கமாக நான்தான் எழுதுவேன். அன்று காலைக் கூட்டத்தில் எங்கள் இயக்குநர், நான் பெயர் சொல்லப் போவதில்லை, பொறுமையான ஆங்கிலேயர், மேசையைச் சுற்றி எல்லோருடைய கருத்தையும் கேட்டார். அரவிந்தனின் முறை வந்தபோது அவர் சுற்றி வளைக்கவில்லை.

அரவிந்தன் கோயம்புத்தூர்க்காரர். எங்கள் பிரிவுக்கு வந்து அப்போது சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. கணக்கில் கூர்மை, பேச்சில் அதைவிடக் கூர்மை. இந்த நாட்டில் எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள், என்னையும் தேவகி என்றே கூப்பிடுங்கள் என்று பலமுறை சொல்லியும், தமிழில் பேசும்போது 'மேடம்' என்பதை அவரால் விட முடியவில்லை.

"இது சிக்கனம் இல்லை, இடமாற்றம்" என்று அவர் கூட்டத்தில் சொன்னார். "இங்கே ஆலைகளை மூடினோம். அந்தப் பொருளை மற்ற நாடுகள் செய்கின்றன. நெருப்பு அணையவில்லை, வேறு இடத்தில் எரிகிறது. பத்தியில் அதை அப்படியே எழுத வேண்டும்."

கூட்டம் முடிந்து நடைபாதையில் வரும்போது தமிழில் தொடர்ந்தார். "எங்க மாமா ஊர்ல பவுண்டரி வெச்சிருக்கார், மேடம். இரும்ப உருக்கி வார்க்குற வேலை. சின்ன வயசுல லீவுக்கு அங்கதான் போவேன். அவர் வார்க்குற பம்ப் பாகமெல்லாம் இந்த ஊருக்குத்தான் கப்பல்ல வருது. அங்க நாங்க புகையைக் குடிக்கிறோம். இங்க இவங்க கோடு இறங்கிருச்சுன்னு கை தட்டிக்கிறாங்க. கோபம் வருமா வராதா?"

"வரும்" என்றேன். "ஆனா கோபத்தைப் பத்தியில போட முடியாதே."

"உண்மையப் போடலாம்ல?"

உண்மை எது என்று எனக்கும் அப்போது தெரியாது.

அன்று மாலை நீச்சலுக்குப் போனேன். வாரத்தில் ஒரு மாலை பெண்களுக்கு மட்டும் என்று கவுன்சில் ஒதுக்கியிருந்த நேரம் அது. வாசுகியோடு எனக்குப் பழக்கம் ஏற்பட்டது அந்தக் குளத்தில்தான். யாழ்ப்பாணத்தில் பிறந்து, ஜெர்மனியில் வளர்ந்து, அங்கே ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் தொழில் கற்று, பிறகு கணவரோடு லண்டன் வந்தவள். சவுத்தால் பக்கத்துத் தொழிற்பேட்டையில், முதலாளி ஓய்வெடுக்கப் போனதால் விலைக்கு வந்த ஒரு சிறிய அலுமினியப் பவுண்டரியை வாங்கி நடத்திக்கொண்டிருந்தாள். அலுமினியத்தை உருக்கி, அச்சில் வார்த்து, இயந்திர பாகங்களாக விற்பது. தொழிலைப் பற்றிப் பேசினால் கண் மின்னும். அன்று மின்னவில்லை.

சிறிய ஆலைகள் பழைய உலைகளை மாற்றிக்கொள்ள அரசு ஒரு நிதியிலிருந்து உதவிக்கொண்டிருந்தது. வாசுகி அதற்கு விண்ணப்பிக்கத் தயாராகிக்கொண்டிருந்தாள். எனக்கு அது தெரியாது. அன்றுதான் சொன்னாள்.

"அக்கா, அந்த உதவியை நிப்பாட்டப் போயினமாம். உண்மையோ?"

"எனக்குத் தெரியாது வாசுகி. தெரிஞ்சாலும் சொல்ல முடியாது."

"என்ரை உலை பழசு. காஸைக் குடிக்குது. புதுசு போடாட்டி இன்னும் ஒரு குளிர்காலம் தாக்குப் பிடிக்க ஏலாது. எங்களுக்குப் பக்கத்திலை ஒரு பவுண்டரி இருந்தது, தெரியும்தானே? அவை பூட்டிப் போட்டினம்." தண்ணீரைக் கையால் அளைந்துகொண்டே கேட்டாள்: "அவை பூட்டினது உங்கடை கணக்கிலை என்னெண்டு வரும்?"

பொய் சொல்ல வாய் வரவில்லை.

"முன்னேற்றம்னு வரும்" என்றேன். "நிறைய எரிசக்தி செலவாகிற தொழில் ஒண்ணு குறைஞ்சா, நாட்டோட சராசரி இறங்கும்."

வாசுகி என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

"அப்ப நானும் பூட்டினால் நாடு இன்னும் முன்னேறும் எண்டுங்கோ."

நான் குளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்கள் அங்கைதானே இருக்கிறியள், அக்கா. ஒரு சொல் சொன்னால் என்ன? பொய் சொல்லச் சொல்லிக் கேக்கேல்லை. எங்களைப் போல ஆக்கள் இருக்கினம் எண்டு சொல்லுங்கோ, அவ்வளவுதான்."

"அதை மட்டும் என்கிட்ட கேக்காதே வாசுகி."

"ஏன்?"

"நான் சொன்னா, அதுக்கப்புறம் நான் சொல்ற எதுக்கும் மதிப்பு இருக்காது."

அவள் திரும்பி, குளத்தின் மறுகோடிக்கு நீந்திப் போனாள். திரும்பி என் பக்கம் வரவில்லை. நான் உடை மாற்றிக்கொண்டு வெளியே வந்தபோது அவளுடைய கார் போய்விட்டிருந்தது.

அடுத்த நாள் அலுவலகத்தில் எனக்குத் தெரிந்த இன்னொரு விஷயம் நிலைமையை மோசமாக்கியது. அந்த நிதியைத் தொடர்வதா என்று முடிவு செய்யும் குழு, எங்கள் விளக்கப் பத்திக்காகக் காத்திருந்தது. பத்தி இரண்டு விதமாக எழுதப்படலாம். "தொழில்துறை சிக்கனமாகிவிட்டது" என்று எழுதினால், அப்படியானால் உதவி எதற்கு, நிறுத்திவிடலாம் என்பார்கள். "இறங்கியது எல்லாம் ஆலைகள் மூடியதால்தான்" என்று எழுதினால், அப்படியானால் உலை மாற்றக் கொடுத்த உதவியால் ஒன்றும் நடக்கவில்லை, நிறுத்திவிடலாம் என்பார்கள். அமைச்சர் அலுவலகத்தின் பெருமையும் அரவிந்தனின் கோபமும் எதிரெதிர்த் திசையில் கிளம்பி ஒரே கதவைச் சாத்தப் போகின்றன. அந்தக் கதவுக்குப் பின்னால் வாசுகி நிற்கிறாள்.

இளையவர்களே, இந்த வேலையில் உங்களுக்கு நெருக்கடி வரும் என்று சொன்னால், யாரோ ஒரு கெட்டவர் வந்து மிரட்டுவார் என்று கற்பனை செய்துகொள்வீர்கள். எனக்கு அப்படி ஒரு தடவைகூட நடந்ததில்லை. நல்லவர்கள் நல்ல காரணத்துக்காக வந்து கேட்பார்கள். மறுப்பது கடினமாவது அப்போதுதான்.

இயக்குநரின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன்.

"அந்த நிதிக்கு விண்ணப்பிக்கப் போகிற ஒருவர் என் தோழி. நேற்று என்னிடம் அதைப் பற்றிப் பேசினார். இந்தப் பத்தியை நான் எழுதக் கூடாது" என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அவர் என்ன கேட்டார்?"

"உண்மையைச் சொல்லச் சொன்னார்."

"நீங்கள் எழுதினாலும் அதைத்தானே எழுதுவீர்கள்?"

"எழுதுவேன் என்று நம்புகிறேன். ஆனால் எழுதும்போது அவர் முகம் எனக்குத் தெரியும். எந்த வார்த்தையை எண்ணுக்காகப் போட்டேன், எதை அவருக்காகப் போட்டேன் என்று எனக்கே தெரியாமல் போய்விடும்."

அவர் ஜன்னலைப் பார்த்தார். கீழே வெஸ்ட்மின்ஸ்டர் பக்கம் போகும் பேருந்துகள் நகராமல் நின்றுகொண்டிருந்தன. "வேறு யார் எழுதுவது?"

"அரவிந்தன்."

"அவர் முடிவை ஏற்கெனவே அறிவித்துவிட்டாரே."

"ஆமாம். ஆனால் கணக்கு வேறு மாதிரி வந்தால் அவர் அதை மறைக்கமாட்டார்."

"உறுதியாகச் சொல்வீர்களா?"

"சொல்வேன்" என்றேன். சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியே வந்தேன். வாசுகியின் உலையை, முன்னேற்றமெல்லாம் பொய் என்று நிரூபிக்கத் துடிக்கும் ஒருவரின் கையில் கொடுத்துவிட்டு வருகிறேன் என்றே எனக்குத் தோன்றியது.

அந்த வாரம் நான் பட்ட பாடு சொல்லி மாளாது. அரவிந்தனின் மேசை என் மேசைக்கு அடுத்தது. அவருடைய திரை எனக்குத் தெரியும். பார்க்காமல் இருக்க என் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். அமைச்சரின் ஆலோசகர் அவரைத் தொலைபேசியில் அழைத்து, ஆலை மூடலைப் பற்றிய பேச்சைத் தவிர்க்க முடியுமா என்று இனிமையாகக் கேட்டார். செலவைக் குறைக்கப் பார்க்கும் பிரிவிலிருந்து இன்னொருவர் அழைத்து, மூடலைப் பற்றி இன்னும் அழுத்தமாக எழுத முடியுமா என்று அதைவிட இனிமையாகக் கேட்டார். இரண்டு பேருக்கும் அரவிந்தன் ஒரே பதிலைச் சொன்னார்: கணக்கு இன்னும் முடியவில்லை.

புதன்கிழமை தேநீர் எடுக்கப் போன இடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"மேடம், நீங்க என்ன நினைக்கிறீங்க? ஒரு வார்த்தை சொல்லுங்க."

"நான் சொல்லக் கூடாதுப்பா. காரணம் உங்களுக்குத் தெரியும்."

"இத்தனை வருஷம் இதையே பாத்துட்டு, இப்ப வாய மூடிட்டு உக்காந்திருக்கிறது உங்களுக்குக் கஷ்டமா இல்லையா?"

"இருக்கு. ரொம்பக் கஷ்டமா இருக்கு."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். அதுவரை நான் விதிக்குப் பயந்து ஒதுங்கிவிட்டேன் என்று நினைத்திருப்பார் போல. அதற்குப் பிறகு என்னிடம் அதைக் கேட்கவில்லை.

அன்று பிற்பகல் அவர் நடைபாதையின் கோடியில் நின்று ஊருக்குப் பேசுவதைக் கேட்டேன். கேட்கக் கூடாது என்று நினைத்தாலும் கேட்டது. மாமாவோடு பேசும்போது அவருக்குக் குரல் உயர்ந்துவிடும்.

"மாமா, இப்ப ஒரு டன் வார்க்க எவ்வளவு கரி போடுறீங்க?... என்ன, கரியே போடுறதில்லையா?... எப்ப மாத்துனீங்க?... எனக்கு ஏன் யாருமே சொல்லல?"

திரும்பி வந்து உட்கார்ந்தவர் நெடுநேரம் திரையைப் பார்க்காமல் இருந்தார். பிறகு, என்னிடம் சொல்கிறாரா தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாரா என்று தெரியாத குரலில், "கரண்ட் உலை போட்டு வருஷக்கணக்கா ஆச்சாம். நான் லீவுக்குப் போனப்ப பாத்த புகைய வெச்சே இத்தனை நாள் சண்டை போட்டுட்டிருந்திருக்கேன்" என்றார்.

மாமா சொன்னதை வைத்து அவர் எதையும் எழுதவில்லை. ஒரு குடும்பத்துப் பவுண்டரி ஒரு நாட்டுக்குச் சான்று ஆகாது. ஆனால் அதற்குப் பிறகு அவர், தன் முடிவுக்கு ஒத்துவராத விவரங்களையும் கூப்பிட்டு உட்காரவைத்து விசாரிக்கத் தொடங்கினார். அதுவரை அவை வாசலில் நின்றுகொண்டிருந்தன.

வெள்ளிக்கிழமை காலை இயக்குநரின் அறையில் கூடினோம். அமைச்சரின் ஆலோசகர் தொலைபேசியில் இருந்தார். நான் கேட்பதற்கு மட்டும் என்ற நிபந்தனையோடு ஓரத்தில் உட்கார்ந்தேன். அரவிந்தன் தன் பத்தியை வாசித்தார். அதன் சாரம் இது: இந்த ஆண்டின் செங்குத்தான இறக்கத்துக்குப் பெரிய காரணம் குளிர் குறைந்த குளிர்காலம், மக்கள் வீட்டை அவ்வளவாகச் சூடாக்கவில்லை. அதைப் பெருமையாகக் கொள்ள முடியாது. பல பத்தாண்டுகளின் இறக்கம் வேறு. அதில் ஒரு பகுதி, எரிசக்தியை அதிகம் தின்னும் தொழில்கள் இங்கே சுருங்கியதால் வந்தது. அது கணிசமானது, மறைக்கக் கூடாதது. ஆனால் மீதிப் பகுதி, அதே பொருளைக் குறைந்த எரிசக்தியில் செய்யக் கற்றுக்கொண்டதால் வந்தது, அது உண்மையானது. அந்தக் கற்றல் பெரிய ஆலைகளில் வேகமாகவும், பழைய இயந்திரங்களை மாற்ற வசதியில்லாத சிறிய ஆலைகளில் மிக மெதுவாகவும் நடக்கிறது.

"இதில் எதை நான் பேச்சில் வைப்பது?" என்று ஆலோசகர் கேட்டார்.

"கற்றுக்கொண்டோம் என்பதை வைக்கலாம்" என்றார் அரவிந்தன். "ஆனால் எல்லோரும் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை என்பதையும் சேர்த்தால்தான்."

"குளிர்காலத்தையும் சொல்ல வேண்டுமா?"

"வானிலையை அமைச்சரின் சாதனை என்று சொன்னால், அடுத்த வருடக் குளிரையும் அவர்தான் ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கும்."

இயக்குநர் இருமலில் சிரிப்பை மறைத்தார். ஆலோசகர் சிரிக்கவில்லை. வாக்கியம் பேச்சிலிருந்து நீக்கப்பட்டது. அமைச்சர் அந்தக் கூட்டத்தில் எரிசக்திச் செறிவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கு அந்த அறையில் ஏற்பட்ட உணர்வை எப்படிச் சொல்வது? வாசுகிக்காக மகிழ்ச்சி என்று மட்டும் சொன்னால் அது முழுதாகாது. இருபது முப்பது வருடம் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். அது வெறும் கண்கட்டு வேலைதானோ என்ற சந்தேகம் எனக்குள் எப்போதும் ஒரு மூலையில் இருந்தது. அதை நம்ப மறுத்த ஒருவர், பொய் என்று காட்டுவதற்காகவே தோண்டிப் பார்த்து, கடைசியில் உள்ளே கெட்டியான தரை இருக்கிறது என்று சொல்லிவிட்டார். நானே எழுதியிருந்தால் எனக்கு அந்த நம்பிக்கை கிடைத்திருக்காது.

இங்கே உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் பிரிவில் உங்களோடு ஒத்துப்போகாத, ஆனால் கணக்கை வளைக்காத ஒருவர் இருந்தால் அவரைத் தக்கவைத்துக்கொள்ளுங்கள். ஒத்துப்போகிறவர்கள் எத்தனை பேர் இருந்தாலும் அவர்கள் செய்துதர முடியாத வேலை அது.

நிதியைப் பற்றிய முடிவு வர வசந்தகாலம் ஆகிவிட்டது. மற்றவர்களைப் போல நானும் அறிவிப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பெரிய ஆலைகளுக்கான பகுதியை நிறுத்திவிட்டார்கள். சிறியவற்றுக்கானதைத் தொடர்ந்தார்கள். எங்கள் பத்தி மட்டும் அதைச் செய்தது என்று சொல்லமாட்டேன். குழுவின் முன் வேறு பல காகிதங்களும் இருந்திருக்கும். ஆனால் தவறான பத்தி ஒன்று அதைக் கெடுத்திருக்கும் என்பது எனக்கு நிச்சயம்.

வாசுகி குளத்துக்கு வருவதை நிறுத்தியிருந்தாள். நான் அழைக்கவில்லை. அவளுடைய விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்போது அழைப்பது சரியில்லை என்று எனக்கு ஒரு காரணம் இருந்தது. அவள் எடுக்கமாட்டாள் என்ற பயம் இன்னொரு காரணம். ஒவ்வொரு வாரமும் நீந்திக் கரையேறும்போது, உடை மாற்றும் அறைக் கதவைப் பார்ப்பேன்.

கோடைக்காலத்தில் ஒரு மாலை அவள் வந்தாள். குளத்தின் ஏணியில் கால்வைத்து இறங்கியபடியே பேசத் தொடங்கினாள்.

"முதல் தரம் திருப்பி அனுப்பிப் போட்டினம், அக்கா. ஏதோ விவரம் குறைவாம். ரெண்டாம் தரம் கிடைச்சிட்டுது. உலைக்குச் சொல்லிப் போட்டன்."

"ரொம்ப சந்தோஷம் வாசுகி."

"என்னிலை கோவமோ?"

"எனக்கு என்ன கோபம்? நீதான் என்கிட்ட கோபமா இருந்தே."

"ஓம். இப்பவும் கொஞ்சம் இருக்கு." அவள் அதை நேராகச் சொன்னாள். "அண்டைக்கு வீட்டை போய் இவரிட்டைச் சொன்னன். இவர் சொன்னார், அவ உனக்காண்டி கதைச்சிருந்தால், நாளைக்கு இன்னொருத்தருக்காண்டியும் கதைப்பா, அப்ப உன்னைத் தள்ளிப் போட்டு அவருக்குக் குடுப்பினம் எண்டு. சரிதான். ஆனால் மனம் கேக்கேல்லை."

"நான் எழுதவும் இல்ல, பேசவும் இல்ல. எழுதினது வேற ஒருத்தர்."

"ஆர்?"

"இந்த முன்னேற்றமெல்லாம் பொய்ன்னு நினைச்ச ஒருத்தர்."

"அப்ப அவரை ஒருக்கால் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றாள். "உலை வந்தாப் பிறகு."

உலை வந்து, ஓடத் தொடங்கி, நான் ஓய்வு பெற்ற பிறகுதான் போனோம். பதவியில் இருக்கும்போது போக எனக்குச் சம்மதமில்லை. அரவிந்தனுக்கு இப்போது அந்தப் பிரிவில் என் பழைய இடம். நிதியோடு அவருடைய பிரிவுக்கு இருந்த தொடர்பு அதற்குள் முடிந்திருந்தது. ஜனவரி மாதத்து ஒரு சனிக்கிழமை காலை, ஈலிங்கில் என் வீட்டுக்கு வந்து என்னை ஏற்றிக்கொண்டார். புல்வெளியெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடந்த காலை.

பக்கத்துப் பவுண்டரி இருந்த இடத்தில் இப்போது யாரோ பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். அது மீளவில்லை. அங்கே வேலை பார்த்தவர்களில் சிலர் வாசுகியிடம் வந்து சேர்ந்திருந்தார்கள். எங்களுக்குக் கண்ணாடியும் தடித்த மேலங்கியும் கொடுத்து அவள் உள்ளே அழைத்துப் போனாள்.

பவுண்டரி என்றால் வாசலிலேயே அனல் முகத்தில் அடிக்கும் என்று நினைத்து நான் உள்ளுக்குள் தயாராகியிருந்தேன். அரவிந்தனும் அப்படித்தான், மாமாவின் இடத்தில் பழகிய அவர் கை தானாகவே முகத்தை மறைக்க உயர்ந்தது. ஒன்றும் அடிக்கவில்லை. கொட்டகைக்குள் எங்கள் மூச்சு வெண்புகையாகத் தெரிந்தது. நடுவில் ஒரு பெரிய உருளை போல உலை, மூடி போட்டு, சத்தமில்லாமல் நின்றது. அதற்குள் அலுமினியம் தண்ணீராகக் கிடக்கிறது என்று சொன்னால்தான் நம்ப முடியும்.

"கிட்ட வாங்கோ" என்றாள் வாசுகி. "முந்தி இதிலை நிக்க ஏலாது."

அரவிந்தன் உலையிலிருந்து ஓர் எட்டுத் தள்ளி நின்று, உள்ளங்கையை அதன் பக்கம் நீட்டிப் பிடித்தார். அப்படியே நின்றார். அவர் முகத்தில் நான் பார்த்ததைக் கோபமில்லாத அரவிந்தன் என்றுதான் சொல்ல வேண்டும். வருடக்கணக்காக எண்களாக மட்டுமே பார்த்த ஒன்று, வெளியே கசியாத சூடாக அவர் கைக்கு முன்னால் இருந்தது.

"சூடே இல்லையே" என்றார்.

"சூடெல்லாம் உள்ளுக்கை. அதுக்குத்தானே இந்தப் பாடு பட்டது." வாசுகி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஆனால் ஒரு கரைச்சல், தம்பி. முந்திப் பொடியள் குளிர்காலத்திலையும் வெறும் ரீசேர்ட்டோடைதான் நிண்டு வேலை செய்தவங்கள். இப்ப குளிருதாம். ஹீற்றர் வேணுமாம்."

சுற்றிப் பார்த்தேன். வேலை செய்துகொண்டிருந்த எல்லோரும் மேலங்கிக்குள் கம்பளிச் சட்டை போட்டிருந்தார்கள். ஒருவர் கழுத்தில் மப்ளர்கூட இருந்தது. உலோகத்தை உருக்கும் இடத்தில் மனிதர்கள் குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வாசுகியும் சிரித்தாள், இந்தத் தடவை அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது.

அரவிந்தன் சிரிக்கவில்லை. அவர் கொட்டகையின் கூரையையும் நீளத்தையும் கண்ணால் அளந்துகொண்டிருந்தார்.

"ஹீட்டர் எத்தனை கிலோவாட் போடப் போறீங்க அக்கா?" என்று கேட்டார். "அதையும் கழிச்சுட்டுத்தான் புது உலையால மிச்சம் எவ்வளவுன்னு சொல்லணும்."

வாசுகி இடுப்பில் கைவைத்துக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இவர்தானோ எழுதினவர்?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றேன்.

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, ஹீட்டர் வைக்கப் போகும் மூலையைக் காட்டுவதற்காக அவரை அழைத்துக்கொண்டு போனாள்.